மண்டோவும் எமது கரையும்

மதவெறியின் கொடுமையை அழுகையால் மட்டுமன்றி, கசப்பான நகைப்பினாலும் காட்டலாம் என்பதை நிறுவியவர் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ. பாண்டிருப்பும் மருதமுனையும் அயலூர்களாக அமைந்த எமது கரையில் அவர் வாழ்வு நினைவுகூரத் தக்கது.

1912 மே 11ஆம் திகதி பஞ்சாபின் சம்ராலாவில் பிறந்த மண்டோ, பம்பாயில் திரைக்கதை எழுதி வாழ்ந்தார். 1947இல் நாடு பிரிந்தது. மறு ஆண்டு லாகூருக்குக் குடிபெயர்ந்து, கலவரம் பற்றிய குறுஞ்சித்திரங்களை 'சியா ஹாஷியே' என்னும் நூலாக்கினார். அதில் ஒரு கொலையாளி, தான் வெட்டியது தன் மதத்தவனையே என அறிந்து வருந்துகிறான். கொன்றதற்காக அல்ல, ஆள் மாறியதற்காக.

ஆபாசம் எழுதியதாக மண்டோ மீது ஆறு வழக்குகள் தொடரப்பட்டன. பிரிட்டிஷ் ஆட்சியில் மூன்று, பாகிஸ்தானில் மூன்று. முற்போக்கு எழுத்தாளர்களும் அவரை ஒதுக்கினர். வறுமையும் மதுவும் வாட்ட, 1955 ஜனவரி 18ஆம் திகதி, 42 வயதில் காலமானார்.

பிரிவினைக்குப் பின் இரு அரசுகளும் மனநோயாளரைக்கூட மதவாரியாகப் பரிமாறிக்கொள்வதே அவரது 'தோபா தேக் சிங்' கதை. தன் ஊர் எந்நாட்டில் உள்ளதெனத் தெரியாத பிஷன் சிங், இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வீழ்கிறார்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களும் வீரமுனைக் கோயிலில் தமிழர்களும் கொல்லப்பட்டனர். தம்மவர் இழப்பை மட்டுமே எண்ணும் வரை, நாமும் மண்டோவின் கதைமாந்தரே. அயலவர் துயருக்கும் தலைகுனிவோமாக.