புது கேமரா வாங்கியாச்சா? பறவையைத் துரத்துறதுக்கு முன்னாடி மா.கிருஷ்ணனைத் தெரிஞ்சுக்கோங்க!

புது கேமரா வந்தாச்சு. நீளமான லென்ஸும் வாங்கியாச்சு. இ.எம்.ஐ இன்னும் பாக்கி இருக்கு. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு வயல்ல காலங்காத்தால உழவு ஓட்டுறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடுறீங்க. டிராக்டருக்குப் பின்னாடி கொக்குக் கூட்டம். ஒண்ணு எழும்புது, பட்டனை அழுத்துறீங்க. விநாடிக்கு 20 படம். வீட்டுக்கு வந்து பார்த்தா பாதிப் படத்துல வெறும் வானம். மீதியில றெக்கை ஒருபக்கம், கால் ஒருபக்கம். கொக்கோட கண்ணு எதுலயும் தெளிவா விழலை.

கவலையே வேண்டாம். பறக்குற பறவையைப் படமெடுக்க ஆசைப்படுற எல்லாரும் தாண்டி வர்ற கட்டம்தான் இது. ஆனா, இதைவிட விலை கூடின கேமராவைத் தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒட்டுப்போட்ட ஒரு கேமராவோட காடு காடா அலைஞ்ச மனுஷரைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவின் காட்டுயிர் ஒளிப்படக் கலைக்கு முன்னோடிகளில் ஒருவர். நம்ம தமிழ்நாட்டுக்காரர். பெயர், மா.கிருஷ்ணன்.

எழுத்தாளர் வீட்டுக் கடைக்குட்டி

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ.மாதவையாதான் அப்பா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் கடைசி.

பாப்பாரப்பட்டிக்காரங்களுக்கு 1925 மறக்க முடியாத வருஷம். சுப்பிரமணிய சிவா அந்த ஊரில் கண்ணை மூடியது அந்த வருஷம் ஜூலையில். அதே வருஷம் அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்த மாதவையா, அங்கேயே உயிர் பிரிந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயசு.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசன், மாணவர்களை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிட்டுப் போவார். அந்தப் பயணங்களில் செடி கொடிகளைப் பார்க்கக் கத்துக்கிட்டார் கிருஷ்ணன். பைசனின் மனைவியிடம் வாட்டர் கலர் ஓவியமும் படிச்சார். எதையும் படமா எடுக்கிறதுக்கு முன்னாடி கையால வரைஞ்சு பார்த்த கண்ணு அது. ஒரு பறவையை வரையணும்னா அதோட அலகு எங்க வளையுது, வால் எவ்வளவு நீளம்னு நின்னு பார்த்தே ஆகணும் இல்லையா?

அடுத்து சட்டமும் படிச்சார். ஆனா, வேலை சுலபமா அமையலை. சின்னப் பத்திரிகைகளில் எழுதினார், கேலிச் சித்திரம் போட்டார். இந்துமதியுடன் கல்யாணம். 1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைச்சுது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்னு ஏழு வருஷத்துல அவர் பார்க்காத வேலை இல்லை. நடுவுல கிடைச்ச நேரமெல்லாம் காட்டுக்குள்ள சுத்துறதும் புறா வளர்க்கிறதும்தான்.

37 வயசுல ஒரு முடிவு

1949-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. கிருஷ்ணனின் அரண்மனை வேலையும் முடிஞ்சுது. வயசு 37. குடும்பம் இருக்கு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? அடுத்த ஆபீஸைத் தேடுவீங்க, நானும் அதைத்தான் செய்வேன். அவர் சென்னைக்குத் திரும்பி, மாசச் சம்பளம் இல்லாத வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார். எழுத்து, ஓவியம், ஒளிப்படம். இந்த மூணை வெச்சுத்தான் அடுப்பு எரியணும்.

1950-ல் கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்'னு ஒரு பத்தி தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். யானை, புலி மட்டும் இல்லை. காக்கா, அணில், வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ற குருவினு எதையும் விடலை. கூடவே அவர் கையால வரைஞ்ச படமும் இருக்கும். 1961-ல் வந்த அவர் புத்தகத்தின் பேரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்துச் சொல்லும்: 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'.

ஒட்டுப்போட்ட கேமரா

இப்போ கேமராவுக்கு வருவோம். கிருஷ்ணனின் கருவியைப் பார்த்தவங்க மறக்கவே மாட்டாங்க. ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், எங்கெங்கேயோ கிடைச்ச மற்ற பாகங்கள். எல்லாத்தையும் தானே கோத்து ஒரு கேமராவா மாத்தியிருந்தார். அதோட கனத்துக்கு ஏத்த மாதிரி 'சூப்பர் பாண்டரோசா'னு பேரு. இயற்கையாளர் இ.பி.ஜீ இதை நேரில் பார்த்துட்டு, உள்ளே எங்கேயாவது கம்பி போட்டுக் கட்டியிருப்பாரோனு கிண்டலாவே எழுதி வெச்சார்.

இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தார். சில சமயம் வளர்ப்பு யானை மேல உட்கார்ந்துக்கிட்டு காட்டு யானைக் கூட்டத்தை நெருங்கினார். கலர் ஃபிலிம் தாராளமா கிடைச்ச காலத்திலும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. அந்தக் காலத்து 120 ஃபிலிம் ரோலில் சதுரப் படம் எடுத்தா 12-தான் தேறும். ஒரு படம் வீணானா காசும் வீண். அதனால, பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, அந்த உயிர் அடுத்து என்ன செய்யப்போகுதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

இதே 12-க்கு இன்னொரு கதை உண்டு. 1882-ல் பிரான்ஸ் நாட்டு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மரே, துப்பாக்கி வடிவத்தில் ஒரு புது கேமரா செய்தார். தோளில் சாய்ச்சு, பறக்கும் பறவையைக் குறிவெச்சு விசையை இழுத்தா விநாடிக்கு 12 படம். அழகான படம் எடுக்கணும்ங்கிறது அவர் நோக்கமே இல்லை. பறக்கும்போது றெக்கை எப்படி மேலே போகுது, எப்படிக் கீழே வருதுன்னு தெரிஞ்சுக்கணும். மரேவும் கிருஷ்ணனும் ஒத்துப்போற இடம் இதுதான். ரெண்டு பேருக்கும் கேமரா ஒரு கேள்வியோட பதிலைத் தேடுற கருவி.

வயர் மேல உட்கார்ந்திருக்கு உங்க பாடம்

சரி, இது உங்களுக்கு எப்படி உதவும்? பாப்பாரப்பட்டியில் இருந்து பென்னாகரம் போற வழியிலோ, பாலக்கோடு பக்கமோ, எங்கே வேணா ஒரு கரன்ட் கம்பியைப் பாருங்க. பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தா, உடனே கேமராவைத் தூக்காதீங்க. பத்து நிமிஷம் சும்மா பாருங்க. பூச்சியைப் பிடிக்கப் பாயும்; பிடிச்சுட்டு பெரும்பாலும் கிளம்பின இடத்துக்கே திரும்ப வரும். இது தெரிஞ்சா வானம் முழுக்க அதைத் துரத்த வேண்டியதில்லை. கம்பிக்குப் பக்கத்துல ஃபோகஸ் வெச்சுக் காத்திருந்தாப் போதும். மாட்டு முதுகுல சவாரி செய்யுற கரிச்சானும் இப்படித்தான் பூச்சி பிடிக்கும்.

இன்னொண்ணு, காத்து. பறவைகள் பொதுவா எதிர்க்காத்துலதான் மேலெழும்பும், எதிர்க்காத்துலதான் இறங்கும். காலையில வெயிலும் காத்தும் உங்க முதுகுப் பக்கம் இருக்குற மாதிரி நின்னா, பறவை உங்க முகத்தைப் பார்த்து வரும். கண்ணுல வெளிச்சமும் விழும். வட்டமடிக்கிற பருந்துக்கு ஷட்டர் ஸ்பீடு விநாடியில் 1,000-ல் ஒரு பங்கு இருந்தா போதும். படபடன்னு அடிக்கிற சின்னப் பறவைக்கு 2,000, 3,000-னு ஏத்துங்க. கேமராவுல நீங்க மாத்த வேண்டியது இவ்வளவுதான். மீதி எல்லாம் பறவையைப் பத்தின அறிவு.

படத்தைவிடப் பறவை முக்கியம்

கிருஷ்ணன் தமிழிலும் நிறைய எழுதினார். வேடந்தாங்கலைப் பத்தி அவர் எழுதினதும் மற்ற பறவைக் கட்டுரைகளும் 'பறவைகளும் வேடந்தாங்கலும்'னு தொகுப்பாவே வந்திருக்கு. அந்த ஏரியை முதலில் காப்பாத்தினது அரசாங்கம் இல்லை, ஊர் ஜனங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. துப்பாக்கியோட வந்தவங்க மேல 18-ம் நூற்றாண்டிலேயே புகார் கொடுத்து, கலெக்டர் கிட்ட பாதுகாப்பு உத்தரவும் வாங்கினாங்க.

1968-ல் ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிருஷ்ணனுக்குக் கிடைச்சது. பத்மஸ்ரீ விருதும் கிடைச்சது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் பல வருஷம் உறுப்பினரா இருந்து, காடுகளுக்காக வாதாடினார். 1972-ல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்யுறதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். லென்ஸோட கூட்டுக்குப் பக்கத்துல போய் நிக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நீங்க நிக்கிற அந்த நேரம் தாய்ப் பறவை கூட்டுக்கு வராது. உச்சி வெயில்ல குஞ்சு தாங்குமா? பறக்கிற படம் கிடைக்கணும்னு கல்லெறிஞ்சு கூட்டத்தைக் கிளப்புறதும் அதே கணக்குதான். பறவை தானா எழும்புற வரைக்கும் காத்திருங்க. எழும்பலைனா, அன்னைக்குப் படம் இல்லை. அவ்வளவுதான்.

1950-ல் தொடங்கின அந்தப் பத்தியை 46 வருஷம் விடாம எழுதினார் கிருஷ்ணன். 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்த அன்னைக்கும் பேப்பரில் அவர் பத்தி வந்திருந்தது. அவ்வளவு நீளமான ஓட்டத்துக்கு அவர்கிட்ட இருந்தது விலை உயர்ந்த கருவி இல்லை, பார்த்து அலுக்காத கண்ணு.

அதனால, இந்த வாரம் ஒரே ஒரு நாள் கேமராவை வீட்டிலேயே வெச்சுட்டு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போங்க. ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்க. எங்க உட்காருது, எந்தப் பக்கம் பார்த்துக் கிளம்புது, எத்தனை தடவை அதே இடத்துக்குத் திரும்புதுன்னு எழுதுங்க. அடுத்த நாள் கேமராவோட போங்க. மெமரி கார்டு காலியாவே இருந்தாலும், அந்தப் பறவை இனி உங்களுக்குத் தெரிஞ்ச பறவை.