18-வது பிறந்தநாள் பார்ட்டி... ஒரு மாத்திரை, 7 லிட்டர் தண்ணீர்! லியா பெட்ஸுக்கு என்ன நடந்தது?

1990-களில் பிரிட்டனில் வளர்ந்தவங்களுக்கு லியா பெட்ஸ் என்ற பெயர் மறக்காது. நடிகையோ பாடகியோ இல்லை. எசெக்ஸ் பகுதியில் லாட்சிங்டன் என்ற கிராமத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி. அப்பா பால் பெட்ஸ் முன்னாள் போலீஸ்காரர், சித்தி ஜேனட் நர்ஸ். போதைப்பொருளின் ஆபத்து தெரியாத வீடு என்று சொல்லவே முடியாது.

1977 நவம்பர் 1-ல் பிறந்த லியாவுக்கு 18 வயது நிறைந்ததைக் கொண்டாட, 1995 நவம்பர் 11 அன்று வீட்டிலேயே பார்ட்டி. பெற்றோரும் வீட்டில்தான் இருந்தாங்க. அன்று இரவு லியா ஒரு எக்ஸ்டசி மாத்திரை போட்டுக்கொண்டார். எம்.டி.எம்.ஏ என்ற ரசாயனம்தான் எக்ஸ்டசி. தூக்கம், களைப்பு தெரியாமல் ஆடுவதற்காக கிளப்புகளில் புழங்கிய போதைப்பொருள். லியாவுக்கு அது முதல் முறை இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது.

<b>ஏன் அவ்வளவு தண்ணீர்?</b>

மாத்திரை போட்ட பிறகு, ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறார். எக்ஸ்டசி உடல் சூட்டை ஏற்றும். நெரிசலான கிளப்பில் மணிக்கணக்கில் ஆடி, உடல் கொதித்து இறந்தவங்க உண்டு. அதனால் நிறைய தண்ணீர் குடிக்கணும் என்ற அறிவுரை அப்போ இளைஞர்களிடம் பரவியிருந்தது. ஆனா அது ஆடி வியர்ப்பவர்களுக்குச் சொன்னது. லியா இருந்தது நவம்பர் குளிரில், சொந்த வீட்டில்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. எக்ஸ்டசி, வாசோபிரசின் என்ற ஹார்மோனை உடலில் அதிகமாகச் சுரக்க வைக்கும். அது சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியேற்றாதே என்று சொல்லும் ஹார்மோன். குடித்த தண்ணீர் வெளியே போகாமல் ரத்தத்தில் சேர, சோடியம் அளவு சரியும். செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வீங்கும். கை, கால் வீங்கினால் தாங்கும். மண்டை ஓட்டுக்குள் இருக்கிற மூளைக்கு வீங்க இடமே கிடையாது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, அடுத்து கோமா. இந்த நிலையில் மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்தைக் கூட்டும்; உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

லியாவுக்கும் சில மணி நேரத்தில் நினைவு தப்பியது. செம்ஸ்ஃபோர்டில் உள்ள புரூம்ஃபீல்டு மருத்துவமனையில் செயற்கை சுவாசம் கொடுத்தும் மூளை மீளவில்லை. நவம்பர் 16 அன்று உயிர்காக்கும் கருவிகள் நிறுத்தப்பட்டன.

<b>விசாரணையில் வந்த பதில்</b>

மாத்திரையில் விஷம் கலந்திருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. அப்படி எதுவும் இல்லை. 1996 ஜனவரியில் நடந்த மரண விசாரணையில் நச்சியல் நிபுணர் ஜான் ஹென்றி விளக்கம் அளித்தார். தண்ணீரை மட்டும் குடித்திருந்தால் லியா பிழைத்திருப்பார், மாத்திரையை மட்டும் போட்டிருந்தாலும் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்பது அவர் கருத்து. இரண்டும் சேர்ந்ததுதான் வினை.

மகள் கோமாவில் கிடக்கும் படத்தை வெளியிட பெற்றோரே சம்மதித்தாங்க. எந்த அப்பாவுக்கும் லேசான முடிவு இல்லை அது. லியா சிரிக்கும் படத்தோடு நாடு முழுக்க சுமார் 1,500 இடங்களில் விளம்பரப் பலகைகளும் வந்தன. ஒரே ஒரு மாத்திரைதான் லியாவைக் கொன்றது என்பது அதன் செய்தி. தண்ணீர் பற்றி அதில் எதுவும் இல்லை.