பூமியை அளந்த லாம்டன்

வில்லியம் லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே 100 அடிச் செயினை வைத்து ஏழரை மைல் பேஸ் லைனை அளக்கத் தொடங்கினார். தென்னாடெங்கும் அவர் போட்ட முக்கோணங்களுக்கு அந்தக் கோடுதான் தொடக்கம்.

குன்றே இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்கள்தான் அவருக்கு ஸ்டேஷன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டமே நெளிந்துபோச்சு. வேறொருவர் என்றால் மூட்டை கட்டியிருப்பார். இவர் ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன் கையாலேயே சரிசெய்தார். (நாம லேபில் தியோடலைட்டைத் தொட்டாலே சார் பதறுகிறார்!)

1823 ஜனவரி 20-ல் ஹிங்கன்காட்டில், சர்வே வேலையோடு வேலையாகக் காலமானார். அவர் அளவுகளையும் சேர்த்துத்தான் உதவியாளர் எவரெஸ்ட் 1830-ல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். சிகரத்தின் பெயர் எவரெஸ்டுக்குப் போனது. உழைப்பில் பாதி லாம்டனுடையது என்பேன்.

அந்தக் கணக்கு இன்னும் நம்மை விடவில்லை. மதுரையின் பழைய டோப்போ ஷீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வைகைப் பாலத்தில் எடுத்த ஜி.பி.எஸ். புள்ளியைப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். ஷீட் இந்தியாவுக்குப் பொருத்திய எவரெஸ்ட் டேட்டத்தில் வரைந்தது, ஜி.பி.எஸ். பூமியின் மையத்திலிருந்து கணக்கிடும் டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டும் அதனதன் கணக்கில் சரியே. புள்ளியை மவுஸால் இழுத்து ஒட்டவைக்காதீர்கள். ஷீட்டுக்கு எவரெஸ்ட் என்று குறித்து, இந்தியாவுக்கான டேட்டம் மாற்ற எண்களைக் கொடுத்தால் புள்ளி பாலத்துக்கே வந்துவிடும்.