கில்பர்ட் வாக்கர்

சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர் (ஜூன் 14, 1868 - நவம்பர் 4, 1958) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானிலை அறிஞரும் ஆவார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராகப் பணியாற்றினார். இந்தியப் பருவமழையை முன்கூட்டியே கணிக்கும் வழியைத் தேடியபோது, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மேல் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப் போல ஒருபுறம் உயர மறுபுறம் தாழ்வதைக் கண்டறிந்து, அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். உலக வெப்பநிலை அடுத்தடுத்துப் புதிய உச்சங்களைத் தொடும் இக்காலத்தில், அதில் இயற்கையான ஏற்ற இறக்கம் எவ்வளவு, புவி வெப்பமாதல் எவ்வளவு எனப் பிரித்தறிய இக்கண்டுபிடிப்பு இன்றியமையாததாகும். தமிழ்நாட்டில் இவர் கணித மேதை இராமானுசனுக்கு உதவியவராகவே கூடுதலாக அறியப்படுகின்றார்.

இளமை

வாக்கர் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். பூமராங் எனப்படும் வளைதடி எறிந்தவரிடமே திரும்பி வருவது எவ்வாறு என ஆராய்ந்ததால் நண்பர்களிடையே பூமராங் வாக்கர் என்ற பட்டப்பெயரும் இவருக்கு உண்டு. வானிலையியலில் இவருக்கு முன் பயிற்சி ஏதும் இருக்கவில்லை.

பஞ்சங்களும் பருவமழைக் கணிப்பும்

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்து, 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழையை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற நெருக்கடி இதனால் எழுந்தது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயமலையில் பெய்யும் பனியின் அளவைக் கொண்டு கணிப்புகளை வெளியிட்டார். எனினும் 1899இல் மழை மீண்டும் கடுமையாகப் பொய்த்தது. துறையின் கணிப்பு அதனை உணர்த்தவில்லை. இச்சூழலில்தான் ஒரு கணிதவியலாளரான வாக்கரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

கோட்பாட்டிலிருந்து தொடங்காமல், வாக்கர் எண்களிலிருந்து தொடங்கினார். உலகெங்குமுள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றன எனக் காட்டும் ஒட்டுறவு எண்களைக் கணக்கிட்டார். கணினி இல்லாத அக்காலத்தில் இக்கணக்குகளைக் கையால் போட்டவர்கள் இந்திய எழுத்தர்கள் ஆவர். அவர்களுடைய உழைப்பு இன்றி இவ்வாய்வு நடந்திருக்க இயலாது.

இம்முறையில் உள்ள ஆபத்தையும் வாக்கர் அறிந்திருந்தார். ஒருவர் ஐந்து முறை நாணயத்தைச் சுண்டி ஐந்திலும் தலை விழுவது அரிது. ஆனால் நூறு பேர் சுண்டினால் சராசரியாக மூவருக்கு அவ்வாறு விழும். அதுபோல, பல நூறு ஒட்டுறவுகளைத் தேடினால் சில தற்செயலாகவே உயர்ந்து நிற்கும். எனவே எத்தனை ஒட்டுறவுகள் சோதிக்கப்பட்டனவோ அதற்கேற்பத் தேர்வு அளவுகோலும் கடுமையாக வேண்டும் என 1914இல் நிறுவினார்.

காலநிலை மாறியதா?

தொடர்ந்த வறட்சிகளால் இந்தியாவின் காலநிலையே மாறிவிட்டது என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. வாக்கர் 1910இல் மழைப் பதிவுகளை ஆராய்ந்து, நிலையான மாற்றத்திற்குச் சான்று இல்லை என முடிவு செய்தார். அன்று கிடைத்த தரவுகளுக்கு அம்முடிவு பொருத்தமானதே. இதனை இன்றைய புவி வெப்பமாதலுக்கு எதிரான சான்றாகக் கொள்வது தவறாகும். சிம்லாவில் வாக்கரின் கீழ் பணியாற்றிய ஜார்ஜ் சிம்ப்சன், 1938இல் காலண்டர் என்பவர் கரியமில வாயுவால் புவி சூடாகி வருவதாகக் காட்டியபோது, அதனைத் தற்செயல் என்றே கருதினார். வாக்கர் மறைந்த 1958ஆம் ஆண்டில்தான் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கும் பணி தொடங்கியது. அப்போது பத்து இலட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024இல் 420 பங்கைத் தாண்டியிருந்தது.

இராமானுசன்

1913 பெப்ரவரியில் சென்னை வந்த வாக்கருக்கு, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனின் கணக்குகள் காட்டப்பட்டன. அவை தமது துறைக்கு அப்பாற்பட்டவை எனினும் அவற்றின் தரத்தை உணர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பட்டம் பெறாத இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது.

தென் அலைவு

1924இல் வாக்கர் தென் அலைவு, வட அட்லாண்டிக் அலைவு, வட பசிபிக் அலைவு என மூன்று அலைவுகளுக்குப் பெயரிட்டார். பின்னர் சூன் முதல் ஆகத்து வரையிலான காலத்திற்கு அவர் அமைத்த தென் அலைவுச் சூத்திரத்தில் சாந்தியாகோ, ஒனலுலு, பத்தாவியா, கெய்ரோ ஆகிய இடங்களின் காற்றழுத்தம், இந்திய மழை, நைல் நதி வெள்ளம் ஆகியவற்றுடன் சென்னையின் வெப்பநிலையும் ஓர் உறுப்பாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

இவ்வலைவு ஏன் நிகழ்கின்றது என்பதை வாக்கரால் விளக்க இயலவில்லை. அதனால் பலர் ஐயுற்றனர். விடை கடலில் இருந்தது. வழக்கமாக வணிகக் காற்றுகள் வெதுவெதுப்பான நீரை மேற்குப் பசிபிக்கில் குவித்து வைக்கின்றன. அக்காற்றுகள் தளரும்போது அந்நீர் கிழக்கே பரவி, கடலின் வெப்பம் வளிமண்டலத்தில் கலக்கின்றது. இதுவே எல் நீனோ. எதிர்நிலை லா நீனா எனப்படும். 1969இல் யாக்கோப் பியர்க்னெசு இவ்விரண்டையும் இணைத்து விளக்கி, வெப்பமண்டலப் பசிபிக்கின் மேலுள்ள காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி எனப் பெயரிட்டார். இந்தியாவிலிருந்து திரும்பிய பின் 1934 வரை இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வாக்கர், அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தமது 90ஆம் வயதில் காலமாகியிருந்தார்.

வெப்பப் பதிவுகளும் சென்னையும்

1998, 2016, 2024 ஆகியவை தத்தம் காலத்தில் மிக வெப்பமான ஆண்டுகளாகப் பதிவாயின. மூன்றுமே எல் நீனோவின் தாக்கம் இருந்த ஆண்டுகள் ஆகும். எல் நீனோ மட்டுமே காரணமெனில், அது நீங்கியதும் வெப்பநிலை பழைய அளவிற்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் லா நீனா நிலவிய 2021, 2022 ஆகிய ஆண்டுகள்கூட 1998ஐ விட வெப்பமாகவே இருந்தன. அதாவது அலைவு அப்படியே இருக்க, அது நிற்கும் தளம் உயர்ந்து வருகின்றது. 2024இன் சராசரி, 1850-1900 காலச் சராசரியை விட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியசு கூடுதல் என உலக வானிலை அமைப்பு கணித்துள்ளது.

எல் நீனோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்க முனைந்தாலும், சென்னைக்கு முதன்மையான வடகிழக்குப் பருவமழையை மிகுவிக்க முனைகின்றது. வலிமையான எல் நீனோ நிலவிய 2015இன் இறுதியில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாற்றில் வெள்ளம் பெருகியது. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளிலும் குடியிருப்புகளை நீர் சூழ்ந்தது. ஆயினும் இத்தொடர்பு உறுதியானதன்று. 1997இல் எல் நீனோ கடுமையாக இருந்தும் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. 2018இன் இறுதியில் வலுவற்ற எல் நீனோ உருவாகியும் சென்னையில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன.