பரமார்த்த குருவைப் படைத்தவர்

ஆற்றைக் கடந்ததும் சீடன் ஒருவன் ஆட்களை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று குருவும் ஐந்து சீடர்களும் சேர்ந்தே அழுகின்றனர்! வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஒன்று வைத்து எண்ணிய பிறகுதான் கணக்குச் சரியாகிறது.

இக்கதையை எழுதியவர் வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த அவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. சமயப் பணிக்காகத் தமிழகம் வந்தபோது அவருக்கு வயது 30. சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார்; 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார்; 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார்.

இத்தகைய புலவர் அசட்டுச் சீடர்களின் கதையை ஏன் எழுத வேண்டும்? ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரியார்கள் மக்களோடு பேசத் தெரியாமல் திணறினர். செய்யுளை மனனம் செய்து சந்தையில் பேச முடியுமா? அவர்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். இலக்கணம் மட்டும் போதவில்லை. படித்துப் பழகக் கதையும் வேண்டியிருந்தது. செய்யுளே புலமை எனக் கருதப்பட்ட காலத்தில், எளிய உரைநடையில் சிரிக்கச் சிரிக்க எழுதியது துணிச்சலான செயல்தான்.

1747இல் அவர் மறைந்தார். கதை அதுவரை அச்சேறவில்லை. 1822இல்தான் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளியிட்டார். 1861இல் ஆல்பிரட் குரோக்குவில் வரைந்த வேடிக்கைப் படங்களோடு ஆங்கிலப் பதிப்பு ஒன்றும் வந்தது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929இல். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே பரமார்த்த குரு கடல் கடந்துவிட்டார்! இன்று அவரைச் சிறுவர் கதை நூல்களில்தான் பெரும்பாலும் காண்கிறோம். முதலில் அக்கதையைப் படித்தவர்களோ, தமிழ் பேசத் தடுமாறிய பெரியவர்கள்.