சேலத்து இரும்பை நம்பி எல்லாத்தையும் இழந்த வெள்ளைக்காரர்... யார் இந்த ஹீத்?

கஞ்சமலைன்னா சித்தர் கோயிலும், ஸ்டீல் பிளான்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் 200 வருஷத்துக்கு முன்பே அந்த மலையின் இரும்புக்கல் மேல் ஒருவருக்குக் கண் விழுந்துவிட்டது. ஜோசியா மார்ஷல் ஹீத், சேலத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி.

இங்கே கிராமத்து உலைகளில் எஃகு தயாராவதை அவர் உன்னிப்பாகக் கவனித்தார். சின்ன மண் குகையில் இரும்புத் துண்டு, கூடவே ஆவாரங்குச்சி, எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசி, கரி நெருப்பில் வைத்து, துருத்தி ஊதுவார்கள். இந்த வகை எஃகு முழுசா உருக சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். அளக்க எந்தக் கருவியும் கிடையாது. ஆறிய கட்டியின் மேல் நடுவிலிருந்து விரியும் கோடுகள் இருந்தால், சரியாக உருகியது என்று அர்த்தம்.

ஹீத் வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கல் ஆற்று வழியாக அங்கே போனது. கரிக்காகக் காடுகள் அழிந்தன (இதைப் பற்றி தனியாகவே எழுதலாம்). பணமும் கரைந்தது.

1839-ல் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை வாங்கினார். உருகும் எஃகில் சிறிதளவு மாங்கனீசு கார்பைடு போடுவது, அவ்வளவுதான். சுத்தியலில் உடையவைக்கும் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் மாங்கனீசு பிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த சுவீடன் இரும்பு இல்லாமலே நல்ல எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டு நகரமே லாபம் பார்த்தது.

அங்கேதான் சிக்கல். அவருடைய முகவராக இருந்த அன்வின், கார்பைடுக்குப் பதில் மாங்கனீசு ஆக்சைடையும் கார்பனுள்ள பொருளையும் தனித்தனியாகக் குகைக்குள் போட்டார். அதே எஃகு, இன்னும் மலிவு. அப்போ இது காப்புரிமை மீறலா? எஃகு உருகுவதற்கு முன்பே, உள்ளேயே கார்பைடு உருவாகிவிடுகிறது என்பது ஹீத் தரப்பு வாதம். மூடிய குகைக்குள், அந்தச் சூட்டில் என்ன நடக்கிறது என்று யார் அளந்து காட்டுவது? அந்த வெப்பத்தை நம்பகமாக அளக்கும் பிளாட்டினம் தெர்மோகப்பிளை பிரான்சின் லெ ஷாத்தலியே கொண்டுவந்ததே 1880-களில்தான்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து பிளந்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை சொன்ன கடைசித் தீர்ப்பு, அன்வின் பக்கம்.