கூடைப்பந்து வீரர் பீற் மரவிச்

விழா மலர்களிலே வீரர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றவர்களையே தேர்ந்தெடுப்பர். கிண்ணத்தை ஏந்திய படமும் சாதனைகளின் பட்டியலும் எழுதுவோர்க்கு எளிது, படிப்போர்க்கும் இனிது. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டவரோ, தொழின்முறை ஆட்டத்தில் இருந்த பத்து ஆண்டுகளிலே ஒருமுறையேனும் வாகை சூடிய அணியில் இடம்பெறாதவர். முழங்கால் நோயினால் முப்பத்துமூன்றாம் வயதிலே ஆட்டத்தைத் துறந்தவர். நாற்பதாம் வயதிலே உலகையும் துறந்தவர். ஆயினும் கூடைப்பந்தாட்டம் வழங்கும் நாடுகளிலெல்லாம் பீற் மரவிச் என்னும் பெயர் இன்றும் வியப்போடு பேசப்படுகின்றது. ஆட்டமே வாழ்வெனக் கொண்ட ஒருவனிடமிருந்து அவ்வாட்டம் பறிக்கப்பட்டால் எஞ்சி நிற்பது யாது என்ற வினாவுக்கு அவர் வாழ்க்கை ஒரு விடை தருகின்றது. அதுபற்றியே அதனை எழுதத் துணிந்தோம்.

பளைப் பகுதியில் வளர்ந்த நம் மாணவர்களுக்குக் கரப்பந்தும் உதைபந்தும் புதியனவல்ல. தென்னைகளுக்கிடையே இரண்டு கம்பங்களை நாட்டி வலையொன்றைக் கட்டிவிட்டால் மாலைப்பொழுது இனிது கழிந்துவிடும். கூடைப்பந்தாட்டமோ அத்துணை எளிதன்று. அதற்குப் பந்து துள்ளத்தக்க வன்றரை வேண்டும். நம் மணலிலே பந்து துள்ளாது. ஆதலின் அவ்வாட்டத்தைப்பற்றி இரண்டொரு சொல் முதலிற் கூறல் தகும். 1891ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் மாணவர்கள் மண்டபத்தினுள்ளே ஆடுவதற்காக இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டித் தொடங்கிய ஆட்டம் அது. கூடை பின்னர் இரும்பு வளையமாயிற்று. உயரம் மட்டும் இன்றுவரை மாறவில்லை. பக்கத்துக்கு ஐவர் ஆடுவர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுதல் ஆகாது. தரையிலே தட்டித் துள்ளச் செய்துகொண்டே செல்லவேண்டும். இவ்வாறு தட்டிச் செல்லும் வித்தையிலேதான் மரவிச் இணையற்றவரானார்.

பென்சில்வேனியா மாநிலத்திலே அலிக்குவிப்பா என்னும் உருக்காலை நகரில் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் திகதி பீற் பிறந்தார். தந்தையார் பிறெஸ் மரவிச், சேர்பிய இனத்துக் குடியேறிகளின் குடும்பத்தவர். போர்க்காலத்திலே கடற்படை விமானியாகப் பணியாற்றி, பின்னர் சில காலம் தொழின்முறையாகக் கூடைப்பந்து ஆடி, அதன்பின் பயிற்றுநராக அமைந்தவர். தாம் எய்தாத உச்சியைத் தம் மகன் எய்தவேண்டும் என்பதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று. அவர் வகுத்த பயிற்சிகள் விசித்திரமானவை. தந்தை மோட்டார் வண்டியைச் செலுத்த, மகன் கதவோரம் சாய்ந்து வெளியே கையை நீட்டித் தெருவிலே பந்தைத் தட்டிக்கொண்டு வரவேண்டும், வண்டியின் வேகம் கூடும், குறையும், பந்து தவறலாகாது. படமாளிகைக்குச் சென்றால் நடைபாதை ஓரத்து இருக்கையில் அமர்ந்து, படம் முடியும்வரை பந்தைத் தட்டவேண்டும். இரவிலே பந்தை அணைத்தபடி உறங்குவான் சிறுவன். இது தந்தையின் அன்போ, தந்தையின் ஆசைக்கு மகனை ஈடாக்கிய செயலோ என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. இரண்டும் ஒருங்கே கலந்திருந்தன என்றே தோன்றுகின்றது. பரீட்சைப் பெறுபேற்றுக்காகப் பிள்ளைகளை வாட்டும் நம் நாட்டுப் பெற்றோர் பலரிடத்தும் இக்கலவையைக் காணலாம்.

1966இல் பிறெஸ் மரவிச் லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானார். மகனும் அங்கேயே சேர்ந்தார். முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் தலைமை அணியில் ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. ஆகவே 1967 முதல் 1970 வரை மூன்றாண்டுகளே அவருக்குக் கிடைத்தன. அம்மூன்றாண்டுகளில் 83 போட்டிகளில் அவர் ஈட்டிய புள்ளிகள் 3,667. போட்டியொன்றுக்குச் சராசரி 44.2. தொலைவிலிருந்து எறிந்த பந்துக்கு மூன்று புள்ளி வழங்கும் முறை அந்நாளிற் பல்கலைக்கழக ஆட்டத்தில் இல்லை. எங்கிருந்து எறியினும் இரண்டே. பல்கலைக்கழக முதற்பிரிவு ஆண்கள் ஆட்டத்தில் அத்தொகையை இதுவரை எவரும் கடந்திலர். 2023இல் அன்ரோயின் டேவிஸ் என்பவர் மூன்று புள்ளி குறைவாக 3,664இல் நின்றார். அவர் ஆடியது ஐந்து பருவங்கள், 144 போட்டிகள். இடுப்புயரத்திலிருந்தே பந்தை வளையத்துக்குச் சுண்டும் வழக்கத்தால் கைத்துப்பாக்கியோடு ஒப்பிட்டு ‘பிஸ்ரல் பீற்’ என அவரை அழைத்தனர். தொளதொளத்துச் சரிந்த சாம்பல்நிறக் காலுறைகளும், கலைந்த தலைமயிருமாக அவர் ஓடிவருவதைக் காணவே மண்டபங்கள் நிறைந்தன.

1970இல் அற்லாண்டா அணி அவரை ஏற்றது. ஒப்பந்தத் தொகை இருபது இலட்சம் டொலரை அணுகியது. அந்நாளில் அது கேட்டறியாத பணம். அணியிலிருந்த மூத்த வீரர்கள் பலர் அவரினும் மிகக் குறைந்த ஊதியம் பெற்றுவந்தமையால் மனங்கசந்தனர். பந்தை முதுகின் பின்னாலும் கால்களினூடாகவும் வழங்கும் அவர் முறையை வீண் வேடிக்கையெனப் பழித்தோரும் உளர். பழிப்பு முற்றிலும் பொய்யன்று என்பது நம் கருத்து. நேராக வழங்கினாற் போதுமான பந்தையும் அவர் வளைத்தே வழங்கினார். அவ்வளைவே ஒருநாள் அவர் காலை வாங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1974இல் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் புதிதாகத் தோன்றிய ஜாஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டார். அவ்வாண்டே அன்னையார் தம் கையாலேயே உயிர்நீத்தார். மகனோ இளமை தொட்டே மதுப்பழக்கத்துக்கு ஆளானவர். துயரம் அதனை வளர்த்தது. பத்தாண்டுகள் ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பினால் மாளத் தமக்கு விருப்பமில்லை என்ற கருத்தை அக்காலத்திற் பத்திரிகையாளர் ஒருவரிடம் அவர் வெளியிட்டதுண்டு. எனினும் ஆட்டம் உச்சநிலையை எய்தியது இந்நகரிலேதான். 1976-77ஆம் பருவத்தில் சராசரி 31.1 புள்ளியுடன் நாடு முழுவதிலும் முதலிடம் பெற்றார். 1977 பெப்ரவரி 25இல் நியூயோர்க் அணிக்கெதிராக ஒரே இரவில் 68 புள்ளிகள் ஈட்டினார். ஆட்டப் பிழைகளின் எண்ணிக்கை மிகுந்தமையால் முடிவுமணி ஒலிக்குமுன்னரே களத்தைவிட்டு நீங்கவும் நேர்ந்தது.

1978 சனவரி 31ஆம் திகதி. நியூ ஓர்லியன்ஸ் பெருமண்டபத்திலே பவலோ நகரத்து அணியோடு போட்டி. ஜாஸ் அணி முன்னணியில் இருந்தது. பந்தைப் பற்றிய மரவிச் மேலெழும்பி, வானிலிருந்தபடியே தம் கால்களுக்கிடையாகத் தொலைவில் ஓடிய தோழனுக்கு அதனை எறிந்தார். பந்து சேரவேண்டிய இடத்திற் சேர்ந்தது. எறிந்தவரோ தரையில் இறங்கியபோது முழங்கால் திருகி வீழ்ந்தார்.

முழங்காலின் அமைப்பை அறியாதோர்க்கு இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். தொடையென்பும் கணைக்காலென்பும் சந்திக்கும் இடத்திலே, பிறைவடிவான கசியிழையத் தட்டுகள் இரண்டு பொருந்தியுள்ளன. உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவனவும், எலும்போடு எலும்பு உரையாமற் காப்பனவும் இவையே. கால் ஊன்றி நிற்க உடல் திரும்புமானால் இவை கிழிதல் உண்டு. இவற்றின் உட்பகுதிக்குக் குருதியோட்டம் இன்மையால், கிழிந்த இடம் தானே பொருந்துவது அரிது. மூட்டினுள்ளே சிறு குழாயைச் செலுத்திப் பார்த்துச் செய்யும் சத்திரசிகிச்சை 1970களின் பிற்பகுதியிலே தொடக்க நிலையில் இருந்தது. கிழிந்த தட்டை வெட்டி அகற்றுவதே பெருவழக்கு. இன்றைய வைத்தியர்கள் இயன்றவரை தைத்துக் காப்பாற்றவே முயல்கின்றனர்; அகற்றிய மூட்டு நாளடைவில் தேய்ந்து நோவது உறுதிபோலாகும் என்பதை அவர்கள் கண்டுள்ளனர். மரவிச்சும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். ஆனால் பழைய கால் மீளவில்லை.

அந்தப் பருவத்தில் அவர் ஆடியவை 50 போட்டிகள். அடுத்த பருவத்தில் 49. முழங்காலிலே பெருங்கவசம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு அவர் களத்தில் இறங்கினார். அவர் ஆட்டம் வேகத்தால் மட்டும் ஆனதன்று. திடீரென நிற்றலும், நின்ற இடத்திலிருந்து திசைமாறிப் பாய்தலுமே அதன் உயிர். அவ்விரண்டையும் முழங்கால் மறுத்துவிட்டது. கையின் நுட்பம் சிறிதும் குறையவில்லை என்பதுதான் இரங்கத்தக்கது. கை செய்ய விரும்பியதைச் செய்யக் கால் அவரை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லவில்லை.

ஈண்டு ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. நம் பாடசாலைகளில் முழங்கால் வீங்கிய மாணவன், இடம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால், நோவை மறைத்து எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டு ஆடுவதைக் கண்டிருக்கின்றோம். அரையிறுதி கழியட்டும் என்று ஆசிரியரும் காணாததுபோல் இருந்துவிடுவதுண்டு. இருபது இலட்சம் டொலரும், நாட்டின் தேர்ந்த வைத்தியர்களும் ஒரு முழங்காலை மீட்கவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

1979இல் ஜாஸ் அணி யூற்றா மாநிலத்துக்குப் பெயர்ந்தது. பயிற்சிக்கு வாராதவன் போட்டியில் ஆடலாகாது எனப் புதிய பயிற்றுநர் விதித்தார். நாள்தோறும் பயிற்சி செய்யும் நிலையில் முழங்கால் இல்லை. பதினேழு போட்டிகளோடு அங்கே அவர் பணி முடிந்தது. 1980 சனவரியில் அவரை அணி விடுவித்தது. பொஸ்ரன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. லறி பேர்ட் என்னும் இளைஞர் அவ்வாண்டுதான் அங்கே ஆடத் தொடங்கியிருந்தார். மாற்றாட்டக்காரராக இருக்கையில் அமர்ந்திருந்து, அழைத்தபோது எழுந்து சென்று 26 போட்டிகள் ஆடினார் மரவிச். தொழின்முறை ஆட்டத்திலே தொலைவெறிக்கு மூன்று புள்ளி வழங்கும் முறை வந்ததும் அப்பருவத்திலேதான். வாழ்நாள் முழுதும் தொலைவிலிருந்தே எறிந்து பழகிய அவர், அந்த ஒரே பருவத்திற் பதினைந்து தடவை எறிந்து பத்துத் தடவை வளையத்தில் இட்டார். பத்தாண்டுகளுக்கு முன் அம்முறை வந்திருப்பின் கணக்குகள் வேறாயிருக்கும்.

1980ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே, புதிய பருவம் தொடங்குமுன்னர், அவர் ஓய்வை அறிவித்தார். 658 போட்டிகள், 15,948 புள்ளிகள். அடுத்த ஆண்டிலே பொஸ்ரன் அணி வாகை சூடியது. இன்னும் ஒரு பருவம் பொறுத்திருந்தால் அவ்வெற்றியில் அவருக்கும் பங்கிருந்திருக்கும் என்று கூறுவோர் பலர். இருக்கையில் அமர்ந்தபடி பெறும் வாகை அவருக்கு ஆறுதல் தந்திருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

பின்வந்த இரண்டாண்டுகள் இருண்டவை. லூசியானாவிலே தம் இல்லத்தில் அடைந்து கிடந்தார். பந்தைத் தொடவும் விரும்பவில்லை. சிறுவயது தொட்டுச் செய்துவந்த தொழில் போனபின் தாம் யார் என்பதே அவருக்கு விளங்கவில்லை. அமைதி தேடி யோகப் பயிற்சியில் ஈடுபட்டார், இந்து சமய நூல்களைக் கற்றார், புலாலுணவை விடுத்தார், வேற்றுலக ஊர்திகளைப்பற்றிய நூல்களிலும் மனத்தைச் செலுத்தினார். முடிவில் 1982இல் கிறித்தவ நெறியிலே அவர் மனம் நிலைபெற்றது. எந்நெறியாயினும், மதுவை முற்றாக விட்டு மனைவியோடும் புதல்வர் இருவரோடும் இனிது வாழும் ஆற்றலை அது அவருக்கு அளித்தது. மீண்டும் பந்தைக் கையிலெடுத்துச் சிறுவர்க்குப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். சிறுவயதில் தந்தை கற்பித்த அதே பயிற்சிகளையே கற்பித்தார். புற்றுநோயுற்ற தந்தையை அருகிருந்து பேணினார். 1987இலே தந்தை மறைந்து சில வாரங்களுள், நெய்ஸ்மித் பெயரால் அமைந்த புகழ்மன்றத்தில் மகனின் பெயர் பொறிக்கப்பட்டது.

1988 சனவரி 5ஆம் திகதி காலை, வானொலி நிகழ்ச்சியொன்றின் பொருட்டுக் கலிபோர்ணியாவின் பசடீனா நகருக்குச் சென்றிருந்த அவர், தேவாலயமொன்றின் ஆட்டமண்டபத்திலே நண்பர் சிலரோடு பொழுதுபோக்காகப் பந்தாடினார். ஆட்டத்தின் இடையே, தாம் நலமாயிருப்பதாகக் கூறிய சில கணங்களில், நின்ற இடத்திலேயே சாய்ந்தார். மீளவில்லை.

உடலைச் சோதித்த வைத்தியர்கள் திகைத்தனர். இருதயத்துக்குக் குருதி ஊட்டும் இரு முடியுரு நாடிகளில் இடதுபக்கத்து நாடி அவருக்குப் பிறவியிலேயே இல்லை. வலதுபக்கத்து நாடி ஒன்றே பெருத்து, நாற்பதாண்டுக் காலம் இருவேலையையும் செய்துவந்துள்ளது. இத்தகைய குறையுடன் பிறந்தோர் பலர் இளமையிலேயே இறப்பர். எத்தனையோ வைத்தியர்கள் அவர் முழங்காலை அழுத்தியும் மடக்கியும் பார்த்தனர். செய்தித்தாள்கள் அம்முழங்காலைப்பற்றி எழுதிக் குவித்தன. இருதயத்தை ஐயுற ஒருவர்க்கும் காரணம் இருக்கவில்லை. ஆடியது பத்துப் பருவம், வயது நாற்பது என்ற கணக்கை, 1974இல் அவர் பேசியதை நினைவிற் கொண்டிருந்தோர் அன்று எடுத்துரைத்தனர்.

லூசியானாவின் பற்றன் றூஜ் நகரில் அவரை அடக்கம் செய்தனர். அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் ஆட்டமண்டபம் அவ்வாண்டே அவர் பெயரைப் பெற்றது. 1996இல் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் தன் ஐம்பதாண்டு நிறைவையொட்டி ஐம்பது தலைசிறந்த வீரர்களைத் தெரிவுசெய்தபோது, அவர்களுள் உயிரோடு இல்லாதவர் மரவிச் ஒருவரே. 1997 பெப்ரவரியில் கிளீவ்லண்ட் நகரில் நடந்த பாராட்டு விழாவிலே, பெயர் அழைக்கப்பட்டபோது அவருடைய புதல்வர் இருவரும் எழுந்து வந்து தந்தையின் இடத்தில் நின்றனர்.